கையால் எலாஸ்டிக் தைத்துச் சுருக்கம் வைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தையல் மெஷின் இல்லாத வீட்டிலும் பிள்ளையின் பாவாடை இடுப்பு தளரத்தான் செய்கிறது, கவுனின் கைக்குச் சுருக்கம் தேவைப்படத்தான் செய்கிறது. ஊசி, நூல், ஒரு மீட்டர் எலாஸ்டிக் இருந்தால் இந்த வேலையைக் கையாலேயே முடிக்கலாம். கோலாலம்பூரில் வீட்டில் தைப்பவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறோம். ஒன்றை மட்டும் முதலிலேயே மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்: நூல் ஏறுகிற நேரத்தில், ஏறுகிற இடத்தில், துணி சுருக்கம் இல்லாமல் விரிந்து கிடக்க வேண்டும். நூல் அறுவது, சுருக்கம் குவிவது, இடுப்பு ஏறாமல் போவது எல்லாம் பெரும்பாலும் இதில் தவறுவதால் வருபவை.

கையால் தைத்தால் நிற்குமா? மெஷினில் ஜிக்ஜாக் போட்டால்தானே கெட்டி?

நிற்கும். மெஷின் ஜிக்ஜாக் செய்கிற வேலையைக் கையில் மீன்முள் தையல் செய்கிறது. ஹெர்ரிங்போன் என்று எம்பிராய்டரியில் போடுவார்களே, அதேதான். நேரம்தான் கூடுதலாகப் பிடிக்கும். 36 இஞ்ச் சுற்றளவுள்ள பாவாடை இடுப்பை முதல்முறை தைப்பவருக்கு ஒரு மணி நேரத்துக்கு மேலேயே ஆகலாம். குழந்தைக் கவுனின் கை, தலையணை உறை, சாப்பாடு மூடும் வலை, சின்னப் பாவாடை இவற்றுக்கெல்லாம் கைத்தையல் போதும். தினமும் போட்டு, தினமும் துவைக்கிற பெரியவர்களின் கால்சட்டை இடுப்பு என்றால், எலாஸ்டிக்கைத் துணியோடு சேர்த்துத் தைக்காமல் மடிப்புக்குள் கோர்த்துவிடுங்கள். அது நாளாவட்டத்தில் தளர்ந்தால் மாற்றுவதும் சுலபம்.

கடையில் என்னவென்று கேட்பது? எல்லா எலாஸ்டிக்கும் ஒன்றுதானா?

ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மான், மஸ்ஜித் இந்தியா பக்கத்துத் தையல் சாமான் கடைகளில் 'கெத்தா' (ரப்பருக்கு மலாய்ச் சொல்) என்றாலே எடுத்துக் கொடுப்பார்கள். அகலத்தைச் சேர்த்துச் சொல்லுங்கள்: கால் இஞ்ச், அரை இஞ்ச், முக்கால், ஒரு இஞ்ச். ஆனால் அகலத்தைவிட முக்கியம் அது செய்யப்பட்ட விதம்.

பின்னிய (braided) எலாஸ்டிக்கில் நீளவாக்கில் கோடு கோடாக வரிகள் தெரியும். இழுத்தால் அகலம் குறையும். ஊசி உள்ளே குத்தினால் ரப்பர் இழை அறுந்து வலு போய்விடும். இது மடிப்புக்குள் கோர்க்கவும், நூலால் மேலே கட்டிப் பிடிக்கவும் மட்டும் சரி.

நிட்டிங் எலாஸ்டிக் தொட்டால் மென்மையாக இருக்கும், இழுத்தாலும் அகலம் அவ்வளவாகக் குறையாது. ஊசி குத்தினாலும் தாங்கும். துணிமேல் நேராகத் தைப்பதென்றால் இதைத்தான் வாங்க வேண்டும்.

நெய்த எலாஸ்டிக் தடித்தது, விறைப்பானது. கனமான கால்சட்டை, பாஜு கூரோங் (மலாய்ப் பெண்கள் உடுப்பு) பாவாடையின் இடுப்பு போன்றவற்றுக்கு ஏற்றது. கை ஊசியால் அதைத் துளைக்க விரல் வலிக்கும்.

கடையிலேயே சோதிக்கலாம். ஒரு சாண் நீளத்தை இரண்டு கையால் பிடித்து இழுத்துப் பாருங்கள். அகலம் பாதியாகக் குறைந்தால் அது பின்னியது. விட்டதும் உடனே பழைய நீளத்துக்குத் திரும்பாமல் சோம்பலாகச் சுருங்கினால், அது எந்த வகையாக இருந்தாலும் வேண்டாம். அலமாரியில் பல காலம் கிடந்த சரக்கு அப்படித்தான் இருக்கும்.

துணி எவ்வளவு, எலாஸ்டிக் எவ்வளவு? கணக்கு குழப்புகிறது.

உடம்பு அளவிலிருந்து தொடங்குங்கள். பிள்ளையின் இடுப்பு 22 இஞ்ச் என்று வைத்துக்கொள்வோம். 2 இஞ்ச் கழித்தால் 20. முனைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறுவதற்கு 1 இஞ்ச் கூட்டி 21 இஞ்ச் வெட்டுங்கள். பெரியவர்களுக்கு 3 இஞ்ச் வரை கழிக்கலாம். மணிக்கட்டுக்கும் புஜத்துக்கும் கழிக்கவே கூடாது. சுற்றளவோடு அரை இஞ்ச் கூட்டி, இணைப்புக்கு மேலும் அரை இஞ்ச் சேர்க்க வேண்டும். கைக்குழந்தையின் கை, கால், இடுப்பு எதுவானாலும் தைத்து முடித்தபின் எலாஸ்டிக்குக்கும் தோலுக்கும் நடுவில் உங்கள் இரண்டு விரல் தாராளமாக நுழைய வேண்டும். கைக்குழந்தை உடுப்பின் கழுத்தைச் சுற்றி இறுக்கமான எலாஸ்டிக் வேண்டவே வேண்டாம்.

அடுத்து துணி. எலாஸ்டிக்கைப் போல் ஒன்றரை மடங்கு துணி இருந்தால் லேசான சுருக்கம் கிடைக்கும். ஒன்றேமுக்கால் மடங்கு இருந்தால் பார்க்க நிறைவாக இருக்கும். மேலே சொன்ன 20 இஞ்சுக்கு 36 இஞ்ச் துணி என்றால் 1.8 மடங்கு, பாவாடைக்கு நல்ல கணக்கு. இரண்டு மடங்குக்கு மேல் போகும்போதுதான் தகராறு. 10 செ.மீ. எலாஸ்டிக்கை முடிந்தவரை இழுத்து அளந்து பாருங்கள். 20 செ.மீ. வரை போனால் அதன் எல்லை இரண்டு மடங்கு. அந்த எல்லை வரை இழுத்து வைத்துத் தைத்தால் பிறகு அது முழுதாகத் திரும்பாது. எல்லையில் பத்தில் ஒன்பது பங்கோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

44 இஞ்ச் அகலத் துணி முழுவதையும் சுருக்கியாக வேண்டுமென்றால், முதலில் சாதாரண நூலில் ஓட்டுத்தையல் (ஊசியை மேலும் கீழுமாக நேராக ஓட்டுவது) போட்டு இழுத்து 36 இஞ்சாகக் குறையுங்கள். அதன்மேல் எலாஸ்டிக்கை ஏற்றலாம்.

இன்னொரு அளவையும் பார்க்க வேண்டும். பாவாடை இடுப்புக்கு ஏறுவதற்குமுன் இடுப்பெலும்புக்குக் கீழே இருக்கிற அகலமான பகுதியைத் தாண்டியாக வேண்டும். சுருக்கம் முழுதும் விரியும்போது துணியின் சுற்றளவு அந்த அகலமான இடத்தின் அளவைவிட 2 இஞ்சாவது கூடுதலாக இருக்கட்டும். இல்லையென்றால் எலாஸ்டிக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பாவாடை ஏறாது.

எந்த நூல், எந்த ஊசி?

பாலியஸ்டர் நூல், ஒற்றை இழை. பருத்தி நூலுக்கு அவ்வளவாக இழுவை கிடையாது, பட்டென்று அறும். நூலை 18 இஞ்சுக்கு மேல் வெட்டாதீர்கள். நீள நூல் எலாஸ்டிக்கில் உரசி உரசிப் பஞ்சு கிளம்பி முடிச்சு விழும். மீன்முள் தையலுக்கு விரித்த துணியின் நீளத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு நூல் போகும். 36 இஞ்சுக்கு 18 இஞ்ச் நூல் ஆறு தடவை கோர்க்க வேண்டிவரும்.

பருத்தித் துணிக்கு மெல்லிய கூர் ஊசி, 8 அல்லது 9 எண். டீ-ஷர்ட் மாதிரி நீளும் துணி என்றால் முனை மழுங்கிய பால்பாயின்ட் ஊசி கேளுங்கள். கூர் ஊசி அந்தத் துணியின் கண்ணியை அறுத்து ஓட்டை போடும். அது உடனே தெரியாது, நாலு துவைப்புக்குப் பிறகு தெரியும்.

தைப்பதற்கு முன்னால் எலாஸ்டிக்கையும் நனைக்க வேண்டுமா?

ஆமாம், துணியையும்தான். பருத்தித் துணி முதல் துவைப்பில் சுருங்கும், சில எலாஸ்டிக்குகளும் சுருங்கும். வெந்நீர் வேண்டாம். வழக்கமாகத் துவைக்கிற தண்ணீரில் நனைத்து நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் எலாஸ்டிக்கை ஐந்தாறு முறை நன்றாக இழுத்து இழுத்து விட்டு, அதற்குப் பிறகு அளந்து வெட்டுங்கள். புது எலாஸ்டிக் முதல் சில இழுப்பில் கொஞ்சம் தளரும். அந்தத் தளர்ச்சி வெட்டுவதற்கு முன்பே நடந்து முடியட்டும்.

மீன்முள் தையலை எலாஸ்டிக்மேல் எப்படிப் போடுவது?

கால் இஞ்ச் அல்லது அதைவிட ஒடுங்கிய எலாஸ்டிக்குக்கு இதுதான் சிறந்த வழி. இதில் ஊசி எலாஸ்டிக்கைத் தொடவே தொடாது. நூல் அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகப் போய் ஒரு கூண்டு கட்டும். எலாஸ்டிக் கூண்டுக்குள் தாராளமாக வழுக்கும். பின்னிய எலாஸ்டிக்கையும் இப்படிப் பயன்படுத்தலாம்.

துணியைத் திருப்பி உள்பக்கம் மேலே வருமாறு மேசைமேல் விரியுங்கள். சுருக்கம் வர வேண்டிய கோட்டைச் சாக்பீஸால் போடுங்கள். இந்த முறையில் எலாஸ்டிக்கை முன்கூட்டியே வெட்டாமல், இழுக்காமல், அந்தக் கோட்டின்மேல் சும்மா கிடத்துங்கள். இடது முனையை மட்டும் நாலைந்து கெட்டித்தையல் போட்டு அசையாமல் பிடித்துவிடுங்கள்.

வலக்கைக்காரர்கள் இடமிருந்து வலமாகப் போக வேண்டும். எலாஸ்டிக்கின் கீழ் ஓரத்தை ஒட்டி, துணியில், ஊசியை மேலே எடுங்கள். நூலை எலாஸ்டிக்குக்கு மேலே சாய்வாக வலப்பக்கம் கொண்டுபோய், மேல் ஓரத்தை ஒட்டித் துணியில் 2 மி.மீ. அளவுக்கு ஒரு சின்னக் கடி கடியுங்கள். இந்தக் கடி வலமிருந்து இடமாக இருக்க வேண்டும், அதாவது ஊசி முனை இடப்பக்கம் பார்க்கும். இப்போது நூலை மறுபடி சாய்வாக வலப்பக்கம் கீழே இறக்கி, கீழ் ஓரத்தை ஒட்டி அதே மாதிரி வலமிருந்து இடமாக ஒரு கடி. ஒரு மேல் கடிக்கும் அடுத்த மேல் கடிக்கும் இடையே அரை இஞ்சுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கட்டும். அதைவிட நெருக்கினால் துணி மடிய இடம் இருக்காது. ரொம்ப விட்டால் எலாஸ்டிக் கூண்டுக்கு வெளியே தலை நீட்டும்.

நூலை இறுக்காதீர்கள். போட்ட தையலுக்கும் எலாஸ்டிக்குக்கும் நடுவே ஊசி நுழைகிற அளவு இடைவெளி வேண்டும். நாலு தையலுக்கு ஒருமுறை எலாஸ்டிக்கை அசைத்துப் பாருங்கள். எங்காவது ஊசி தவறி அதைக் குத்தியிருந்தால் அங்கே மாட்டிக்கொள்ளும். அந்த ஒரு தையலை உடனே பிரித்துவிடுவது நல்லது. கடைசியில் கண்டுபிடித்தால் பாதி வரிசையைப் பிரிக்க வேண்டிவரும்.

வலது முனைக்கு வந்ததும் எலாஸ்டிக்கை இழுங்கள். துணி தானாகவே அதன்மேல் சுருங்கி ஏறும். தேவையான நீளம் வந்ததும் குண்டூசி குத்திச் சுருக்கத்தைக் கையால் சீராக நகர்த்தி, அந்த முனையையும் கெட்டித்தையலில் பிடித்து, மிச்சத்தை வெட்டுங்கள். துணியின் வெளிப்பக்கம் இரண்டு வரிசைப் புள்ளிகள் மட்டும் தெரியும். நூல் துணி நிறத்தில் இருந்தால் அதுவும் தெரியாது.

எலாஸ்டிக்கை இழுக்காமலே தைப்பதால் இந்த முறையில் கை தடுமாறாது. தையல் முழுவதும் துணி விரிந்த நிலையிலேயே ஏறுவதால், பிறகு எவ்வளவு இழுத்துப் போட்டாலும் நூல் அறாது.

அரை இஞ்ச் எலாஸ்டிக்கை நேராகத் துணிமேல் தைக்கிறேன். இழுத்துப் பிடிக்க ஒரு கை, துணிக்கு ஒரு கை, ஊசிக்கு ஒரு கை. மூன்றாவது கைக்கு எங்கே போவது?

ஒரு கயிறுதான் மூன்றாவது கை. எலாஸ்டிக்கின் தொடக்க முனையைத் துணியோடு கெட்டியாகத் தைத்துவிட்டு, அதில் ஒரு ஊக்கைக் குத்துங்கள். ஊக்கில் ஒரு முழ நீளக் கயிறு கட்டி நாற்காலியின் கையிலோ மேசைக் காலிலோ மாட்டுங்கள். இப்போது இடக்கை மட்டும் இழுத்தால் எலாஸ்டிக் விரைப்பாக நிற்கும், வலக்கை ஊசிக்கு மிச்சம்.

ஆனால் அதற்குமுன் எட்டுப் பாகக் குறி அவசியம். துணியை இரண்டாக, நாலாக, எட்டாக மடித்து ஒவ்வொரு மடிப்பிலும் சாக்பீஸ் குறி வையுங்கள். எலாஸ்டிக்கையும் அப்படியே. முன் சொன்ன கணக்கில் துணிக்கு 4½ இஞ்சுக்கு ஒரு குறி, எலாஸ்டிக்குக்கு 2½ இஞ்சுக்கு ஒரு குறி விழும். குறியோடு குறி சேர்த்துக் குண்டூசியைக் குறுக்காகக் குத்துங்கள். நாலு பாகம் போதும் என்று சிலர் விட்டுவிடுவார்கள். கைத்தையலுக்கு எட்டுதான் சரி, ஒரு தடவைக்கு 4½ இஞ்ச் இழுத்தால் போதும் என்பதால் கை அசராது.

ஒரு குறிக்கும் அடுத்த குறிக்கும் நடுவே எலாஸ்டிக்கை இழுத்து, அடியில் துணி சுருக்கமே இல்லாமல் வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் இழுத்தால் துணியே நீண்டுவிடும். அந்த நிலையில் இடக்கைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, எலாஸ்டிக்கின் இரண்டு ஓரங்களையும் மாறி மாறிக் கடித்தபடி சாய்வுத் தையல் போடுங்கள். ஓரத்தின் இழையை மட்டும் ஊசி பிடிக்கட்டும், நடுவில் இருக்கிற ரப்பர் இழைகளைக் குத்தவேண்டாம். ஒரு பாகம் முடியும்போது ஒரே இடத்தில் இரண்டு தையல் போட்டுப் பூட்டிவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். நடுவில் என்றாவது நூல் அறுந்தாலும் அந்த ஒரு பாகத்தோடு நிற்கும்.

பாவாடையாக இருந்தால், கடைசிப் பக்கத் தையலை மூடுவதற்கு முன்பே, துணி தட்டையாக இருக்கும்போதே, இதையெல்லாம் செய்துவிடுங்கள். வளையமாக மூடியபின் தைப்பது கைக்கு வீண் தொல்லை.

நேர் ஓட்டுத்தையல்தான் போட்டேன். பிள்ளை ஒருமுறை போட்டுக் கழற்றியதும் பட்பட்டென்று அறுந்துவிட்டது. ஏன்?

ஓட்டுத்தையல்மேல் எல்லோரும் பழி போடுவார்கள், பாதிதான் நியாயம். நீளாத பருத்தித் துணியில், துணி முழுதும் விரிந்திருக்கும்போது போட்ட ஓட்டுத்தையல் அறாது. துணி அதற்குமேல் விரிய வழியில்லை, எனவே நூலுக்கும் அதற்குமேல் வேலையில்லை. அறுந்த இடத்தைப் பாருங்கள். தைக்கும்போது துணி லேசாகச் சுருங்கியிருந்த இடமாகவோ, நூலை இறுக்கி இழுத்த இடமாகவோ இருக்கும். அங்கே நூலின் நீளம் துணியின் நீளத்தைவிடக் குறைவு. விரிக்கும்போது முழு இழுப்பும் நூல்மேல் விழும்.

நீளும் துணியில் கதை வேறு. அது விரித்து வைத்ததற்குமேலும் நீளும் என்பதால் அங்கே ஓட்டுத்தையல் எப்படிப் போட்டாலும் அறும். மீன்முள் அல்லது சாய்வுத் தையல்தான் போட வேண்டும்.

சுருக்கம் முன்பக்கம் குவிந்து, பின்பக்கம் தட்டையாக நிற்கிறது.

குறி போடாமல் தைத்திருப்பீர்கள். கண் அளவில் இழுத்தால் தொடக்கத்தில் கை பலமாக இழுக்கும், போகப்போகத் தளரும். கூண்டு முறையில் தைத்திருந்தால் பிரிக்க வேண்டியதில்லை, சுருக்கத்தை விரலால் நகர்த்திவிட்டு, இரண்டு பக்கத் தையல் இருக்கும் இடங்களிலும் முன் நடு, பின் நடுவிலும் எலாஸ்டிக்கோடு சேர்த்து நாலு தையல் போட்டு நிறுத்திவிடலாம். நேராகத் தைத்திருந்தால் பிரிப்பதைத் தவிர வழியில்லை.

தைத்து முடித்தபின் அளந்தால் 20 இஞ்ச் எலாஸ்டிக் 21½ ஆகிவிட்டது.

நேராகத் தைத்தால் கொஞ்சம் நீளத்தான் செய்யும். உள்ளே நூல் இருக்கிறது, துணி மடிந்து நிற்கிறது, இரண்டும் எலாஸ்டிக் முழுதாகச் சுருங்க இடம் கொடுக்காது. துணி தடிப்பாக இருந்தால் இது இன்னும் கூடும். ஸ்டீம் அயர்னைச் சுருக்கத்துக்கு மேலே, படாமல், இரண்டு விரல் உயரத்தில் பிடித்து ஆவியைக் காட்டுங்கள். பல எலாஸ்டிக்குகள் கொஞ்சம் திரும்பி வரும். அழுத்தித் தேய்த்தால் ரப்பர் செத்துவிடும். அடுத்த தடவை அதே துணியில் ஆறு இஞ்ச் துண்டொன்றைத் தைத்துப் பார்த்து, எவ்வளவு நீள்கிறதோ அந்தக் கணக்கில் எலாஸ்டிக்கைக் குறைத்து வெட்டுங்கள்.

இரண்டு முனைகளை எப்படி இணைப்பது? அந்த இடம் மட்டும் முட்டு முட்டாகத் துருத்துகிறது.

ஒடுங்கிய எலாஸ்டிக்கை அரை இஞ்சும் அகலமானதை ஒரு இஞ்சும் ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி, சதுரமாக ஒரு சுற்றுக் கெட்டித்தையல், உள்ளே குறுக்காக ஒரு பெருக்கல் குறி. முறுக்கியிருக்கிறதா என்று தைப்பதற்கு முன் வளையத்தை ஒருமுறை விரலால் தடவிப் பாருங்கள். முடித்தபின் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

துருத்தினால், ஏற்றாமல் இரண்டு முனைகளையும் முட்ட வைத்து, அடியில் ஒரு இஞ்ச் பருத்தித் துண்டு கொடுத்து இரண்டையும் அதில் தையுங்கள். ஒரு இஞ்ச் எலாஸ்டிக் எல்லாம் இப்படித்தான் உடம்பில் உறுத்தாமல் உட்காரும்.

கவுனின் மார்புப் பகுதியில் வரிசை வரிசையாகச் சுருக்கம் வருமே, அதைக் கையால் போட முடியுமா?

முடியும், மெல்லிய துணி என்றால். வாயில் (voile) துணி, மெல்லிய பருத்தி, மெல்லிய ரேயான் சரி. பாத்தேக் துணியிலும் மெல்லியதாகப் பார்த்து எடுத்தால் அழகாக வரும். தடித்த துணியை எலாஸ்டிக் நூலால் இழுக்க முடியாது.

இதற்கு வேண்டியது எலாஸ்டிக் நூல், சின்ன உருளையில் வெள்ளையும் கறுப்பும் கிடைக்கும். காது பெரிதாக உள்ள எம்பிராய்டரி ஊசியில் கோர்க்க வேண்டும். துணியின் வெளிப்பக்கம், நீரில் போகிற சாக்பீஸால் 1 செ.மீ. இடைவெளியில் கோடு போடுங்கள். ஒவ்வொரு கோட்டிலும் 4, 5 மி.மீ. நீளத்தில் ஓட்டுத்தையல். எல்லா வரிசையிலும் தையல் ஒன்றுக்கு நேர் கீழே ஒன்றாக விழுந்தால் மடிப்பு குழாய் குழாயாக ஒழுங்காக நிற்கும். தைக்கும்போது எலாஸ்டிக் நூலை இழுக்கவே கூடாது. இரண்டு பக்கமும் 4 இஞ்ச் வால் விட்டுக்கொண்டே போங்கள்.

எல்லா வரிசையும் முடிந்தபின் ஒரு பக்க வால்களை முடிச்சுப் போட்டுவிட்டு, மறுபக்க வால்களை ஒன்றாகப் பிடித்து இழுங்கள். வரிசைக்கு வரிசை தனியாக இழுத்தால் ஒன்று இறுகும், ஒன்று தொங்கும். நீளம் சரியானதும் முடிச்சுப் போடுங்கள். எலாஸ்டிக் நூலின் முடிச்சு தானாக அவிழும் குணமுடையது. அதனால் மூன்று முடிச்சுப் போட்டு, வால்களை மடக்கி, சாதாரண நூலால் துணியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். பக்கத் தையல் வருகிற துணி என்றால் வால்கள் அந்தத் தையலுக்குள்ளேயே மாட்டும்படி வையுங்கள், அதைவிடக் கெட்டியான பூட்டு இல்லை.

தீபாவளிக்குப் பட்டுப் பாவாடை. இடுப்பில் எலாஸ்டிக் வைக்கலாமா?

பட்டுமேல் நேராக வைக்காதீர்கள். ஊசி போன ஓட்டை பட்டில் மறையாது. அடுத்த வருஷம் பிள்ளை வளர்ந்து எலாஸ்டிக்கைப் பிரிக்கும்போது இரண்டு வரிசை ஓட்டைகள் நிற்கும். சரிகை இழையும் எலாஸ்டிக் ஓரமும் உரசிப் பிரியும்.

பாவாடையின் மேல் ஓரத்தில், அதே நிறப் பருத்தித் துணியில் 3 இஞ்ச் அகலப் பட்டி வெட்டி இணையுங்கள். பட்டியை உள்பக்கம் மடித்து, முக்கால் இஞ்ச் எலாஸ்டிக் போகிற குழாயாகத் தைத்துக் கோர்த்துவிடுங்கள். பட்டுத் துணியைக் கொசுவமாக மடித்துப் பட்டியில் பிடித்து, சுருக்கத்தைப் பட்டிமேல் மட்டும் வர வைத்தால் பட்டு புடைத்துக்கொண்டு நிற்காது. சட்டை மேலே வருவதால் பட்டி கண்ணில் படாது.

பழைய பள்ளிச் சீருடையின் இடுப்பு தளர்ந்துவிட்டது. முழுதும் பிரிக்க வேண்டுமா?

பாஜு கூரோங் பாவாடை, கால்சட்டை இவற்றில் பெரும்பாலும் எலாஸ்டிக் மடிப்புக்குள்தான் ஓடும். பின்பக்கத் தையலுக்குப் பக்கத்தில் உள்பக்கமாக ஒன்றரை இஞ்ச் பிரித்தால் போதும். பழைய எலாஸ்டிக்கை அந்த வழியாகக் கொஞ்சம் மட்டும் வெளியே இழுத்து வெட்டுங்கள். ஒரு முனையில் புதியதை ஊக்கால் கோர்த்து, மறு முனையைப் பிடித்து இழுத்தால் பழையது வெளியே வர வரப் புதியது உள்ளே போகும். புதியதன் கடைசி முனை உள்ளே ஓடிவிடாமல் துணியோடு ஒரு ஊக்குப் போட்டுவிடுங்கள். இதை மறந்தவர்களுக்குத்தான் அரைமணி நேரம் கூடுதலாகப் போகும். மடிப்பின் நடுவே மெஷின் தையல் ஓடியிருந்தால் எலாஸ்டிக் இழுத்தாலும் வராது. அந்தத் தையலை முதலில் பிரிக்க வேண்டும்.

எலாஸ்டிக் பட்ட இடம் சிவந்து அரிக்கிறது.

கழற்றியபின் வரி விழுந்து சீக்கிரமே மறைந்தால் இறுக்கம்தான் காரணம், அரை இஞ்ச் தளர்த்துங்கள். தடித்துச் சிவந்து மறையாமல் அரித்தால் ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாத உடம்பாக இருக்கலாம். அந்த உடுப்பை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இயற்கை ரப்பருக்குப் பதில் ஸ்பாண்டெக்ஸ் இழையில் செய்த எலாஸ்டிக் கடைகளில் கிடைக்கிறது, அட்டையில் எழுதியிருப்பதைப் பார்த்து வாங்குங்கள். எப்படியானாலும் தோல்பக்கம் ஒரு பருத்தி நாடா வைத்து மூடித் தைப்பது நல்லது.

ஆறே மாதத்தில் தளர்ந்துவிடுகிறது. தையலில் தப்பா, துவைப்பதில் தப்பா?

பெரும்பாலும் துவைப்பதில். தெருமுனை டோபியில் (சலவைக் கடையில்) உலர்த்தும் இயந்திரத்தை அதிகச் சூட்டில் வைத்துப் போட்டால் எலாஸ்டிக்கின் ஆயுள் குறையும். சூட்டைக் குறைத்துப் போடுங்கள், அல்லது எலாஸ்டிக் உள்ளவற்றை மட்டும் தனியே எடுத்து வீட்டில் காயவையுங்கள். குளோரின் வெளுப்பான் ரப்பரையும் ஸ்பாண்டெக்ஸையும் கெடுக்கும். உச்சிவெயிலில் கொடியில் தொங்கவிடுவதும் அப்படித்தான், உள்பக்கம் திருப்பி நிழலில் போடுங்கள்.

எண்ணெயைப் பலர் நினைப்பதில்லை. இயற்கை ரப்பர் எண்ணெயை உறிஞ்சி ஊதி, வலு இழக்கும். பிள்ளைக்கு உடம்பெல்லாம் தேங்காய் எண்ணெய் தடவி, அது ஊறுவதற்குள் எலாஸ்டிக் வைத்த உடுப்பை மாட்டினால் எலாஸ்டிக் சீக்கிரம் போகும். துடைத்துவிட்டு மாட்டுங்கள்.

மலிவாகக் கிடைத்தது என்று உருளை உருளையாக எலாஸ்டிக் வாங்கி வைத்தேன். எடுத்துப் பார்த்தால் பிசுபிசு என்று ஒட்டுகிறது.

1877-ல் குவாலா கங்சாரில் முதல் ரப்பர் கன்றுகளை நட்ட நாட்டில், நம் பாட்டன்மார் பால்மரம் சீவிய நாட்டில், எலாஸ்டிக் கெடுவது வேடிக்கைதான். ஆனால் மரத்துக்கு ஒத்துவருகிற சூடும் ஈரமும், அந்தப் பாலில் செய்த இழைக்கு ஒத்துவராது. சூடும் வெளிச்சமும் காற்றும் பட்டுக்கொண்டே இருந்தால் ரப்பர் முதலில் பிசுபிசுக்கும், பிறகு விறைத்து உடையும். பிசுபிசுத்ததைத் துவைத்துச் சரிசெய்ய முடியாது, குப்பையில் போடுங்கள், துணியிலும் கறை பிடிக்கும்.

வாங்குவதை ஆறு மாதத் தேவைக்குள் வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் இறுக்கிச் சுற்றி வைக்காமல் தளர்வாகச் சுருட்டி, மூடி உள்ள பிளாஸ்டிக் டப்பாவில், ஜன்னலுக்கும் அடுப்புக்கும் எட்டாத அலமாரியில் வையுங்கள். டப்பாமேல் வாங்கிய மாதத்தை எழுதிவிட்டால், அடுத்த தடவை எதை முதலில் எடுப்பது என்று தேட வேண்டியதில்லை.